காண்டம் கிழிந்துவிட்டது, இனி என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெடிக்கல் கடை கவுண்டரில் பல வருஷம் நின்றவள் நான். இந்தக் கேள்வியோடு வருபவர்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கடை மூடுகிற நேரம் பார்த்து வருவார்கள். முதலில் தலைவலி மாத்திரை ஒரு அட்டை, அப்புறம் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பக்கத்தில் நிற்பவர் சில்லறை வாங்கிக்கொண்டு போகும் வரை இருமல் மருந்து வரிசையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கடைசியில் செல்போனை நீட்டிக் காட்டுவார்கள். அதில் ஒரு அவசரக் கருத்தடை மாத்திரையின் பெயர் இருக்கும்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டால், "முந்தாநாள் ராத்திரி" என்பார்கள். கூச்சத்திலேயே நாற்பது மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். காண்டம் கிழிவது பெரிய ஆபத்தில்லை, அதற்குப் பிறகு நேரத்தை விடுவதுதான் ஆபத்து. அதனால்தான் இந்தப் பக்கம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்ட மாதிரியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இப்போதுதான் கிழிந்ததைப் பார்த்தோம். உடனே என்ன செய்ய வேண்டும்?

நிறுத்துங்கள். மணி பாருங்கள். அந்த நேரத்தைப் போனில் குறித்து வையுங்கள். கூடவே, கடைசியாகப் பீரியட்ஸ் தொடங்கிய தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரோ நர்ஸோ முதலில் கேட்கப்போவது இந்த இரண்டையும்தான்.

வெளிப்பக்கம் தண்ணீர் விட்டுக் கழுவலாம், சிறுநீர் கழிக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் அதனால் கர்ப்பம் தடைபடாது. சிறுநீர் வரும் வழி வேறு, பிறப்புறுப்பு வழி வேறு. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, டெட்டால், எலுமிச்சைச் சாறு, சோப்பு நுரை, சோடா என்று எதையாவது விடுவது இதெல்லாம் கூடவே கூடாது. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிடும். நீங்கள் பக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள் அவை போயிருக்கும். மிஞ்சுவது புண்ணும் எரிச்சலும்தான். குதிப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது எதுவும் வேலைக்காகாது.

காண்டம் உள்ளேயே கழன்று தங்கிவிட்டது. கர்ப்பப்பைக்குள் போய்விடுமா?

போகாது. கர்ப்பப்பை வாய் அவ்வளவு பெரிய பொருள் நுழையும் அளவுக்குத் திறந்திருக்காது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, குந்தி உட்கார்ந்து, லேசாக முக்கியபடி இரண்டு விரல்களால் துழாவினால் பெரும்பாலும் விளிம்பு கைக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் அன்றோ மறுநாளோ லேடி டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டு நிமிட வேலை. நாள் கணக்கில் விட்டால் நாற்றமும் நோய்த்தொற்றும் வரும். கர்ப்ப அபாயம் மட்டும் கிழிந்ததற்கு என்னவோ அதேதான்.

கிழிந்ததா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கழற்றிய காண்டத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, வாயை முறுக்கிப் பிடித்து லேசாக அழுத்திப் பாருங்கள். ஓட்டை இருந்தால் ஒழுகும். ஒழுகவில்லை, நுனியில் விந்து அப்படியே தங்கியும் இருந்தது என்றால் நிம்மதியாக இருக்கலாம். கிழிசல் அடி விளிம்புப் பக்கம் மட்டும் இருந்து நுனி முழுதாக இருந்தால் அபாயம் குறைவு. ஆனால் காண்டத்தைப் பாதியில்தான் போட்டோம் என்றால் அதற்கு முந்தைய நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்னதாகக் கசியும் நீரிலும் சில சமயம் விந்தணு இருக்கும்.

ஒரே ஒரு தடவைதானே, கர்ப்பம் ஆகிவிடுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். அது நடந்த தேதியைப் பொறுத்தது. விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆக, ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய 6. முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும், வெளிவரும் நாளும். அந்த ஆறில் கடைசி இரண்டு மூன்று நாட்களில், பாதுகாப்பில்லாத ஒரு உறவுக்குக் கர்ப்ப வாய்ப்பு 100க்கு 30 வரை போகும். மற்ற நாட்களில் மிகக் குறைவு.

முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பீரியட்ஸ் வந்த நாளிலிருந்து பதினாலாம் நாள் என்று எண்ணுவார்கள். அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு உதாரணம். இந்த மாதம் 3ஆம் தேதி பீரியட்ஸ் வந்தது, 14ஆம் தேதி ராத்திரி காண்டம் கிழிந்தது. 28 நாள் சுழற்சி என்றால் அடுத்தது 31ஆம் தேதி. அதிலிருந்து 14 நாள் பின்னால் போனால் 17. 14ஆம் தேதி உள்ளே போன விந்தணு 17 வரை காத்திருக்கும். அபாயம் நிச்சயம் உண்டு. அதே பெண்ணுக்கு 35 நாள் சுழற்சி என்றால் முட்டை வருவது 24ஆம் தேதி வாக்கில், அபாயம் வெகுவாகக் குறைகிறது.

அப்படியென்றால் சேஃப் பீரியட் பார்த்து மாத்திரையைத் தவிர்க்கலாமா?

மேலே போட்ட கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். உடம்பு அப்படி நடப்பதில்லை. பரீட்சை, காய்ச்சல், ராத்திரி ஷிப்ட், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று எது வந்தாலும் முட்டை வெளிவரும் நாள் முன்பின் ஆகும். பீரியட்ஸ் நாளைக்கு வரப்போகிறது என்கிற மாதிரி உறுதியான அறிகுறி இருந்து, மாதா மாதம் தேதி தவறாதவராகவும் இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். மற்றபடி, சந்தேகம் என்றால் மாத்திரை போடுவதே என் கட்சி. ஒரு மாத்திரையால் வரும் தொந்தரவு இரண்டு நாள் குமட்டல். போடாமல் விட்டால் மூன்று வாரம் தூக்கம் போய்விடும்.

எந்த மாத்திரை? எத்தனை போட வேண்டும்?

லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். ஒரே ஒரு மாத்திரை, ஒரே ஒரு தடவை. ஐ-பில், அன்வான்டட்-72 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. 0.75 மில்லிகிராம் என்று இரண்டு மாத்திரையாகக் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறைவு. ஆனால் சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

முட்டை வெளிவருவதை இந்த மாத்திரை சில நாட்கள் தள்ளிப்போடும். அதற்குள் விந்தணுக்கள் செத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. "காலையில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு வரவிருந்த கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. 25 முதல் 48 மணி நேரத்துக்குள் என்றால் 85. 49 முதல் 72க்குள் என்றால் 58. அட்டையில் 72 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூன்று நாள் அவகாசம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அது கடைசித் தேதி, கரண்டு பில்லுக்குச் சொல்கிற மாதிரி. அன்றுதான் கட்ட வேண்டும் என்பதில்லை.

தமிழ்நாட்டில் கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. தடை செய்துவிட்டார்களா?

தடை இல்லை. இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே அனுமதித்துவிட்டது. அது தமிழ்நாட்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் நம் ஊரில் பல கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. "நமக்கு எதுக்குப் பிரச்சினை" என்கிற பயம் பாதி, கேட்பவரின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கும் புத்தி பாதி. பக்கத்தில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பதை இங்கே கேட்டால் ஏதோ கஞ்சா கேட்ட மாதிரி பார்ப்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் என்ற முறையில் இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

சரி, எங்கே போவது? முதல் வழி, பக்கத்தில் இருக்கும் மகப்பேறு மருத்துவர். பெரும்பாலான பெண் டாக்டர்களின் கிளினிக்கிலேயே இருக்கும், இல்லையென்றால் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு இருந்தால் "இல்லை" என்ற கடையிலேயே சில சமயம் முளைத்து வரும். இரண்டாவது, அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவு அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அரசுத் திட்டத்தில் 'ஈஸி பில்' என்ற பெயரில் இதே மருந்து இலவசமாக வருகிறது. கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். போவதற்கு முன் கையிருப்பு இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104 எண்ணில் கேளுங்கள். ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்கள், வந்து சேரும் நேரத்தைப் பார்த்துப் போடுங்கள். மூன்றாம் நாள் வரும் பார்சலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எதுவுமே கிடைக்கவில்லை. வேறு வழி?

மாலா-டி, மாலா-என் மாதிரியான சாதாரணக் கருத்தடை மாத்திரைகள் கிட்டத்தட்ட எங்கும் கிடைக்கும். அவற்றிலும் லெவோனார்ஜெஸ்ட்ரல் இருக்கிறது, ஆனால் அளவு குறைவு. முதலில் 4 மாத்திரை, 12 மணி நேரம் கழித்து இன்னும் 4. இது பழைய முறை, மருத்துவ நூல்களில் உள்ளதுதான். அட்டையில் கடைசியாக வேறு நிறத்தில் இருக்கும் 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து, அவற்றை எண்ணிவிடாதீர்கள். ஒற்றை மாத்திரையை விட இதற்குப் பலன் குறைவு, வாந்தி அதிகம். காலில் ரத்தம் உறைந்த வரலாறு, பக்கவாதம், கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். மற்றவர்களும் ஒரு நர்ஸிடமாவது கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

மூன்று நாள் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். காப்பர்-டி. கிழிந்து 5 நாட்களுக்குள் கர்ப்பப்பையில் அதைப் பொருத்திவிட்டால் 100க்கு 99 பேருக்கு மேல் கர்ப்பம் தடைபடும். எந்த மாத்திரையும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. மாத்திரைக்கு இருப்பது போல், எடை கூடினால் பலன் குறையும் என்ற பிரச்சினையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டால் 380ஏ வகை 10 வருஷம், 375 வகை 5 வருஷம் கருத்தடையாகவும் இருக்கும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். பொருத்தும்போது சுருக்கென்று வலிக்கும், ஓரிரு நாள் அடிவயிறு பிடித்துக்கொண்டிருக்கும்.

காப்பர்-டியைப் பிரசவத்துக்குப் பிறகு போடுவதாகவே நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அவசர வழியாக இதை டாக்டரே முதலில் சொல்வது அபூர்வம். நீங்களாகவே கேளுங்கள்: "காண்டம் கிழிந்து நாலு நாள் ஆகுது, காப்பர்-டி போட முடியுமா?" குழந்தை பெறாதவர்களுக்கும் போடலாம். லெவோனார்ஜெஸ்ட்ரலையும் 5 நாள் வரை போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

இது கருக்கலைப்பு மாத்திரையா? பாவம் இல்லையா?

இல்லை. கரு உருவாகவிடாமல் தடுப்பது இது. ஏற்கெனவே கர்ப்பம் தரித்திருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, கருவுக்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு இரண்டு மருந்துகள். சில கடைகளில் இரண்டையும் குழப்பிக்கொண்டு "அந்த மாத்திரை" என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்காமல் வாயில் போடாதீர்கள். காண்டம் கிழிந்த மறுநாள் கலைப்பு மாத்திரை கிட்டுக்கு எந்த வேலையும் இல்லை.

மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டேன்.

போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் கவலை வேண்டாம்.

வேறு மருந்து சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமஸெபைன், ஃபீனோபார்பிட்டல், சில எச்.ஐ.வி. மருந்துகள் இவையெல்லாம் இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். டி.பி. மருந்து சாப்பிடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருந்தும், இதைப் பற்றிக் கவுண்டரில் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இவர்களுக்குக் காப்பர்-டிதான் முதல் தேர்வு. அது முடியாதென்றால் இரட்டை அளவு தரலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். எடை 70 கிலோவுக்கு மேல் என்றாலும் பலன் குறையலாம், காப்பர்-டியைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண ஆன்டிபயாடிக், பாராசிட்டமால், தைராய்டு மாத்திரை இவற்றால் பிரச்சினை இல்லை.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இன்னும் பீரியட்ஸே வரவில்லை.

குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே ராப்பகலாகக் கொடுத்து, பீரியட்ஸும் வராமல் இருந்தால் கர்ப்ப வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். முட்டை முதலில் வரும், பீரியட்ஸ் அதற்குப் பிறகுதான் வரும். "தீட்டே வரலையே, எப்படி?" என்று மூத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. பால் கொடுப்பவர்களும் லெவோனார்ஜெஸ்ட்ரல் மாத்திரை போடலாம், பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பக்கவிளைவு என்ன? பிற்காலத்தில் குழந்தை பிறக்காதா?

குமட்டல், தலைவலி, களைப்பு, மார்பில் கனம், அங்கங்கே கொஞ்சம் ரத்தக்கசிவு. ஓரிரு நாளில் சரியாகிவிடும். பீரியட்ஸ் ஒரு வாரம் முன்போ பின்போ வரலாம். அந்தப் பின்தள்ளலைக் கர்ப்பம் என்று நினைத்துப் பலர் பயந்துபோகிறார்கள். குழந்தை பிறக்காமல் போகும் என்பது பொய். அடுத்த சுழற்சியிலேயே கருத்தரிக்க முடியும்.

மாத்திரை போட்டு ஆறாம் நாள் ரத்தம் வந்தது. தப்பித்தேனா?

தெரியாது. அது மாத்திரையின் ஹார்மோன் இறங்கும்போது வரும் கசிவாக இருக்கலாம். அதைப் பீரியட்ஸ் என்று எடுத்துக்கொண்டு டெஸ்ட் பண்ணாமல் விடாதீர்கள்.

மாத்திரை போட்டாச்சு, இந்த மாதம் முழுக்கக் கவலை இல்லைதானே?

இல்லை, உண்மையில் நேர்மாறு. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, ரத்தாகவில்லை. நாலு நாள் கழித்து அது வரும். அப்போது மறுபடி பாதுகாப்பில்லாமல் இருந்தால் கர்ப்பம் ஆகலாம். அடுத்த பீரியட்ஸ் வரும் வரை ஒவ்வொரு தடவையும் காண்டம் தேவை. மறுபடி கிழிந்தால் மறுபடி மாத்திரை போடலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மாதா மாதம் இதையே நம்பினால் சுழற்சி தாறுமாறாகும், பலனும் மற்ற முறைகளை விடக் குறைவு. அப்படி ஒரு நிலைமை என்றால் தினசரி மாத்திரை, சாயா (வாரக் கணக்கில் போடும் மாத்திரை), அந்தரா (மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி), காப்பர்-டி என்று நிலையான ஒன்றுக்குப் போவது நல்லது. இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை சாப்பிட்டால் போதாதா?

பப்பாளி சாப்பிடுங்கள், மலச்சிக்கல் தீரும்.

எப்போது டெஸ்ட் பண்ணினால் சரியாகத் தெரியும்?

பீரியட்ஸ் வரவேண்டிய தேதி தாண்டி ஒரு வாரம், அல்லது காண்டம் கிழிந்த நாளிலிருந்து 3 வாரம். அதற்கு முன் எத்தனை கார்டு வாங்கினாலும் காசுதான் போகும். ஒரு பெண் ஒரே வாரத்தில் ஆறு கார்டு வாங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். கிழிந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. அட்டையில் சொன்ன அளவு சொட்டு விட்டு 5 நிமிடத்தில் பாருங்கள். 'சி' எழுத்துக்கு நேரே மட்டும் கோடு வந்தால் இல்லை. 'டி'க்கு நேரே இன்னொரு கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, ஆம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'சி' கோடே வரவில்லை என்றால் கார்டு கெட்டது. அரைமணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்துத் தெரியும் நிழலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

டெஸ்டில் ஆம் என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து.

இரண்டு கோடு வந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. சட்டப்படி கலைக்க முடியுமா?

முடியும். இந்தியாவில் 1971இலிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்கு முன்னால், கருத்தடை சாதனம் தவறியதால் வந்த கர்ப்பம் என்ற காரணத்தை "மணமான பெண்ணோ அவரது கணவரோ" என்றுதான் எழுதியிருந்தார்கள். திருத்தத்தில் அது "எந்தப் பெண்ணோ அவரது துணைவரோ" என்று மாறியது. காண்டம் கிழிந்தது என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம். நீங்கள் புதிதாக எதையும் புனைந்து சொல்ல வேண்டியதில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சூழல்களில் இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள். அதில் மணமாகாத பெண்களை விலக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

18 வயது நிறைந்தவர் என்றால் உங்கள் ஒரு கையெழுத்து போதும். கணவர், அப்பா, காதலன் யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று சில இடங்களில் கேட்பார்கள். அது அந்த இடத்தின் வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் பெயரையும் விவரத்தையும் வெளியே சொல்வது டாக்டருக்குத் தண்டனைக்குரிய குற்றம்.

9 வாரத்துக்குள் என்றால் மாத்திரையிலேயே முடியும், டாக்டர் பார்வையில். ஸ்கேன் பார்க்காமல் கிட்டை வாங்கி விழுங்கிவிட்டு, இரண்டு வாரமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று முகம் வெளுத்து வந்தவர்களைப் பார்த்தவள் என்பதால் கெஞ்சியே சொல்கிறேன், அதைத் தனியாகச் செய்யாதீர்கள். குழந்தையைப் பெற்றுக்கொள்வதாக முடிவு செய்தாலும் சரி, அதுவும் உங்கள் முடிவுதான். ஃபோலிக் ஆசிட்டைத் தொடங்கி, டாக்டரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

எனக்கு 17 வயது.

மாத்திரை உனக்கும் பாதுகாப்பானதுதான், நேரக் கணக்கும் அதேதான். 18 வயதுக்குக் கீழே என்றால் டாக்டர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை இருக்கிறது. கருக்கலைப்பு என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். நீயும் அவர்களும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் உன் பெயரைக் குறிப்பிடாமல் விடலாம் என்று மேலே சொன்ன தீர்ப்பே சொல்கிறது. அதற்குப் பயந்து தள்ளிப்போடாதே. அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அத்தை, சித்தி, டீச்சர், யாராவது ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல். 1098க்கும் பேசலாம். விருப்பமில்லாமல் நடந்திருந்தால், வயது எதுவானாலும், அரசு மருத்துவமனையோ தனியாரோ உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். போலீஸ் புகாரைக் காட்டினால்தான் என்று திருப்பி அனுப்பக் கூடாது.

எச்.ஐ.வி. பயம் இருக்கிறது. அதற்கும் மாத்திரை உண்டா?

உண்டு, ஆனால் அது வேறு மருந்து. துணைவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தாலோ, நிலை தெரியாத ஒருவருடன் நடந்திருந்தாலோ 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். 1097 தேசிய எய்ட்ஸ் உதவி எண். கர்ப்பத் தடை மாத்திரை எந்தப் பால்வினை நோயையும் தடுக்காது.

நான் ஆண். அவளுக்காக நான் வாங்கலாமா?

தாராளமாக. வாங்கிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகாமல், மூன்று வாரம் கழித்து டெஸ்ட் கார்டும் நீங்களே வாங்கிக்கொடுங்கள்.

நல்ல கம்பெனி காண்டம்தான். ஏன் கிழிந்தது?

பெரும்பாலும் கம்பெனி மேல் தப்பிருக்காது. சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வருஷத்தில் 100 பெண்களில் 2 பேருக்குத்தான் கர்ப்பம் ஆகும். நடைமுறையில் அது 13 ஆகிறது. இடையில் இருக்கும் 11 பேரும் கையாளும் விதத்தாலோ, ஒவ்வொரு தடவையும் போடாததாலோ வருபவர்கள்.

முதல் குற்றவாளி தேங்காய் எண்ணெய். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். லேடெக்ஸ் ரப்பரை எண்ணெய் நிமிடக் கணக்கில் பலவீனமாக்கிவிடும். ஒரு பலூனில் தேங்காய் எண்ணெய் தடவி ஊதிப் பாருங்கள், புரியும். நல்லெண்ணெய், வாசலின், பேபி ஆயில் எல்லாம் அதே கதை. வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல். அடுத்தது பர்ஸ். பின் பாக்கெட்டில் நாலு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து நசுங்கிய பாக்கெட், அல்லது சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வெந்தது. பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பது, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் போடுவது, பாதுகாப்புக்கென்று இரண்டைச் சேர்த்துப் போட்டு ஒன்றோடொன்று உரசவிடுவது, முடிந்ததும் அடி விளிம்பைப் பிடிக்காமல் வெளியே எடுப்பது. கிழிந்தால் சொல்லுங்கள், இந்த வரிசையில் ஏதோ ஒன்று இருக்கும். அரசு தரும் இலவச நிரோத் பற்றி இளப்பமாகப் பேசுவார்கள். காலாவதி தேதி சரியாக இருந்தால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் நிலைமைக்கு அதுதான் புத்திசாலித்தனம். வெளியூர் போகும்போது ஒன்று வாங்கி வையுங்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். அடுப்பங்கரை அலமாரியிலும் பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னாலும் வேண்டாம், வெப்பமும் ஈரமும் ஆகாது. பீரோவில் வைத்தால் வைத்த இடம் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.